மூன்று மில்லிமீட்டர் வம்பு

புது கிட்டார் பிக்கப் வந்த பெட்டியைப் பிரித்ததும் பலர் கை முதலில் தேடுவது கட்டரை. வயர் நீளமாக இருக்கிறது. நறுக்கி சால்டர் வைத்துவிட்டால் ராத்திரிக்குள் வாசித்துப் பார்த்துவிடலாம். நானும் அப்படித்தான் அவசரப்பட்டேன். தந்திகளை ஏற்றிப் பார்த்தால், நடுவில் இருப்பவை ஏறக்குறைய பிக்கப்பில் தத்தமக்கு உரிய திருகுகளின் மேல் நின்றன. முதல் தந்தியும் ஆறாவது தந்தியும் மட்டும் திருகைத் தாண்டி வெளியே ஓடின. விற்றவரைக் கூப்பிட்டேன். "வயரை வெட்டிட்டீங்களே சார், இனிமே எப்படி எடுத்துக்கறது?" என்றார். நியாயம்தான். ஆனால் திருகுகள் எவ்வளவு அகலத்துக்கு விரிந்திருக்கின்றன என்ற அளவை அவர் எங்கேயுமே எழுதியிருக்கவில்லை. அளந்துவிட்டு வாங்க எனக்கும் தோன்றவில்லை.

இந்தக் குளறுபடிக்கு ஒரு பழைய கதை உண்டு. ஹம்பக்கர் என்ற வகை பிக்கப்பை வடிவமைத்த சேத் லவர், கிப்சன் நிறுவனத்துக்காக 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957இல் அது லெஸ் பால் கிட்டார்களில் ஏறியது. கிப்சன் வழி ஹம்பக்கரில் முதல் திருகின் நடுவிலிருந்து ஆறாவது திருகின் நடுவரை சுமார் 49 முதல் 50 மி.மீ. ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய ஸ்ட்ராட் கிட்டாரில் பிரிட்ஜின் மேல் தந்திகளின் விரிவு சுமார் 56 மி.மீ. அவர்களுடைய பிற்கால, இரண்டு திருகில் நிற்கும் ட்ரெமலோ பிரிட்ஜில் 52 சொச்சம். ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜில் 53ஐ ஒட்டி வரும். கிப்சன் அளவில் செய்த பிக்கப்பை இவற்றின் பிரிட்ஜ் பக்கம் மாட்டும்போதுதான் வம்பு வருகிறது.

தந்திகள் இணைகோடாக ஓடுவதில்லை. தலைப்பக்க நட்டில் 36 மி.மீ. அளவில் நெருங்கிப் புறப்பட்டு, பிரிட்ஜை நோக்கி விசிறி போல விரிகின்றன. பிரிட்ஜில் 53 மி.மீ., நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை 648 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பிரிட்ஜிலிருந்து 40 மி.மீ. தள்ளி இருக்கும் பிக்கப்பின் மேல் விரிவு 52. நெக் அருகே, 160 மி.மீ. தள்ளி, அதே தந்திகளின் விரிவு 49. ஒரே கிட்டாரில் இரண்டு இடத்துக்கு இரண்டு அளவு. அதனால்தான் பிக்கப் தயாரிக்கும் டிமார்சியோ, 48 மி.மீ. வழக்கமான அளவோடு 51 மி.மீ. அளவிலும் 'எஃப்-ஸ்பேஸ்டு' என்று செய்கிறது. சீமோர் டங்கனில் அகலமானதற்கு 'ட்ரெம்பக்கர்' என்று பெயர், அது 52.6 மி.மீ. அகலமானதும் குறுகியதும் பெரும்பாலும் ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்துவிடும். திருகுகளை அளக்காமல் வித்தியாசம் கண்ணில் படாததற்கு அதுவே காரணம்.

சரி, பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 3 மி.மீ. குறைகிறது என்றால் பக்கத்துக்கு ஒன்றரைதான். காந்தப்புலம் திருகின் தலையோடு நின்றுவிடுவதில்லை. தந்தியை வளைத்து வாசிக்கும்போது, அதிலும் நெக் பிக்கப்பின் மேல், அது தன் திருகைவிட்டு நன்றாகவே நகர்கிறது. ஒலி அறுந்தா போகிறது? "சுருதியே போயிடும், ரெண்டு பிக்கப்பையும் மாத்தணும்" என்று பயமுறுத்தும் பழுதுக்கடையில் பர்ஸை எடுக்காதீர்கள். பழைய ஸ்ட்ராட் பிரிட்ஜ் மட்டும் வேறு விஷயம். அங்கே பக்கத்துக்கு 3 மி.மீ.வரை விலகும், ஓரத்துத் தந்திகள் சற்று மெலிந்து கேட்கலாம். கிட்டார் கலைஞர் எடி வான் ஹாலன் தன் கிட்டாரில் கிப்சன் ஹம்பக்கரைச் சாய்த்து மாட்டியது, திருகுகள் தந்திகளுக்கு நேராக வரட்டும் என்றுதான். அப்படிச் சாய்க்க மரத்தைக் குடைய மனமில்லாதவர்கள் மெலிந்த பக்கத்தில் பிக்கப்பைச் சற்று உயர்த்திப் பார்க்கலாம். ரொம்பவும் உயர்த்தினால் காந்தம் தடித்த தந்தியை இழுத்துச் சுருதியைக் கலைக்கும். திருகுகளுக்குப் பதில் முழுநீளப் பட்டை வைத்த பிக்கப் வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

காசு போவது ஒலியில் அல்ல, வாங்குகிற இடத்தில். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரமும் தன்மையும் பற்றித் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்களோ ஒப்புக்கொண்ட அம்சங்களோ பொருளில் இல்லையென்றால் இணையத்தில் விற்றவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 'ஒப்புக்கொண்ட' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் அளவே இல்லையென்றால், பிறகு "மாறிவிட்டது" என்று வாதாடுவது கடினம். எனவே காசு கட்டும் முன், "முதல் திருகிலிருந்து ஆறாவது திருகுவரை நடுவுக்கு நடு எத்தனை மில்லிமீட்டர்?" என்று எழுத்தில் கேளுங்கள். வரும் பதில் உங்கள் ஒப்பந்தத்தின் பகுதி. பதில் தராதவரிடம் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

உங்கள் கிட்டாரையும் அளந்துவிடுங்கள். பிரிட்ஜின் மேல் அல்ல. பிக்கப் உட்காரும் இடத்துக்கு நேர்மேலே, தடித்த தந்தியின் நடுவிலிருந்து மெல்லிய தந்தியின் நடுவரை. பள்ளிக்கூட ஸ்கேலே போதும். பெட்டி வந்ததும் பிக்கப் மேல் அதே ஸ்கேலை வைத்து, எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். கட்டரை அதற்கப்புறம் தேடலாம்.

சொன்ன அளவு வரவில்லையென்றால், வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. வெளிநாட்டுக் கடையிலிருந்து நேராக வரவழைத்தால் இந்த வழிகளெல்லாம் நடைமுறையில் மெலிந்துபோகும். திருப்பி அனுப்பும் செலவே பிக்கப் விலையைத் தொட்டுவிடும்.

நான் எந்த ஆணையத்துக்கும் போகவில்லை. கேட்டு வாங்கிய எழுத்து எதுவும் என் கையில் இல்லை. அந்த பிக்கப் இப்போது நெக் பக்கம் இருக்கிறது. அங்கே தந்திகளின் விரிவு 49 மி.மீ.; ஆறு திருகும் ஆறு தந்திக்கும் நேர் கீழே நிற்கின்றன.