இன்ஜின் ஆஃப், ரேடியோ ஆன்: கார் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

கமுந்திங்கில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பக்கத்திலுள்ள தைப்பிங், தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் என்று பெயர் வாங்கியது. டியூஷன் முடிந்து தம்பி வரும்வரை, ஈடிஎஸ் ரயிலில் அக்கா வந்து இறங்கும்வரை, இன்ஜினை அணைத்துவிட்டு மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டிருப்போம். அப்புறம் சாவியைத் திருகினால் 'டக் டக்' சத்தம் மட்டும் வரும். வண்டி ஸ்டார்ட் ஆகாது.

உடனே எல்லாரும் ரேடியோவைத்தான் திட்டுவார்கள். பாவம், பல நேரம் அதன் மேல் தப்பே இல்லை.

சின்ன கார்களில் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 35 ஆம்பியர்-மணி. சாதாரண சத்தத்தில் பாடும் ரேடியோ எடுப்பது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். அரை மணி, ஒரு மணி நேரம் கேட்டால் நல்ல பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. (பின்னால் பெரிய ஆம்ப்ளிஃபையர், ஊஃபர் எல்லாம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) ஆனால் 55 வாட் ஹாலஜன் முகப்பு விளக்குகள் இரண்டும் எரிந்தால் 9 ஆம்பியர் போய்விடும். இன்ஜின் ஓடாதபோது பெரும்பாலான கார்களில் ஏசி குளிராது, வெறும் காற்றுதான் வரும். அந்த ஃபேனும் பல ஆம்பியரை இழுக்கும்.

சாவி எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். 'ஏசிசி'யில் ரேடியோ, சார்ஜர் மாதிரி சிலதுக்கு மட்டும் மின்சாரம் போகும். ஒரு படி தள்ளி 'ஆன்' வரை போய்விட்டால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கருவிகளும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். பட்டன் வண்டிகள் பலவற்றில் பிரேக்கை மிதிக்காமல் ஒரு தடவை அழுத்தினால் ஏசிசி, இரண்டு தடவை என்றால் ஆன்.

"ரேடியோ நல்லாத்தானே பாடுது, வண்டி எப்படி எடுக்காம போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அந்தச் சில விநாடிகளில் 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவு கொடுக்க முடியாத பேட்டரிகூட ரேடியோவுக்கு வேண்டிய 1 ஆம்பியரைத் தாராளமாகக் கொடுக்கும். நம் ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தேய்ந்துவிடும். இரண்டு வருடம் தாண்டியது என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம். லைட்டர் துளையில் செருகும் மலிவான வோல்ட்மீட்டர் இருந்தால் வேலை சுலபம். இன்ஜின் அணைந்து கொஞ்ச நேரம் கழித்து 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி.

பேட்டரி போய்விடுமோ என்ற பயத்தில் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவதுதான் உண்மையில் ஆபத்து. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால், அல்லது மூடிய போர்ச்சில் நின்றால், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. செத்த பேட்டரியை ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பிவிடலாம். சிவப்பு கேபிளை இரண்டு பேட்டரிகளின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். மறுமுனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், தீப்பொறி அதன் பக்கத்தில் பறக்கக் கூடாது.