மழையில்லாத ஊரில் ஒழுகும் கூரை

துபாயில் ஓர் ஆண்டின் மழை மொத்தமும் சேர்ந்து சராசரியாகச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். அந்த ஊரிலும் ஆகஸ்ட் வெயிலில் கடைகளின் ஃபால்ஸ் சீலிங்கில் ஈரக்கறை படரும், சில நாளில் சொட்டத் தொடங்கும். தளத்தில் விரிசல் என்று நினைத்து வாட்டர் ப்ரூஃபிங் ஆட்களைக் கூப்பிடுவார்கள். மழையே பெய்யாதபோது சொட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மாடியில் நிற்கும் ஏசியை.

வளைகுடா நாடுகளின் கடைகளிலும் கிடங்குகளிலும் மொட்டை மாடியில் பேக்கேஜ் யூனிட்டைப் பரவலாகப் பார்க்கலாம். கம்ப்ரஸர், கூலிங் காயில், காற்றாடி எல்லாம் ஒரே தகரப் பெட்டிக்குள் இருக்கும். குளிர்ந்த காற்று தளத்தில் வெட்டிய பெரிய துளை வழியே டக்டில் இறங்கும். தமிழ்நாட்டிலிருந்து போன மெக்கானிக்குகள் பலருக்குப் பழகிய இயந்திரம் இது.

ஏசி பிறந்ததே ஈரத்தை எடுக்கத்தான். 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தார். காற்றின் ஈரத்தால் அங்கே காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்துகொண்டிருந்தன. இன்றைக்கும் கடலோரப் புழுக்கத்தில் 10 டன் யூனிட் ஒன்றின் திறனில் பத்தில் மூன்று பங்கு ஈரத்தைப் பிரிக்கப் போகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். பத்து மணி நேரத்தில் 150 லிட்டர். அவ்வளவும் காயிலுக்குக் கீழே உள்ள ட்ரேயில் விழுந்து, சிறிய ட்ரெயின் பைப் வழியே வெளியேற வேண்டும்.

சிக்கல் அந்தப் பைப்பில்தான். பெரும்பாலான யூனிட்களில் காற்றாடி காயிலுக்கு அப்பால் இருந்து காற்றை இழுக்கிறது. அதனால் ட்ரே இருக்கும் அறையில் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. வெளிக்காற்று ட்ரெயின் பைப் வழியாக உள்ளே பாய்ந்து, இறங்கப் பார்க்கும் தண்ணீரைத் தடுக்கும். இதைத் தவிர்க்கத்தான், வாஷ்பேசினுக்கு அடியில் இருப்பதுபோல, பைப்பில் வளைந்த ‘ட்ராப்’ வைக்கிறார்கள். அதில் தேங்கும் தண்ணீர் காற்றுக்கு மூடியாகிறது. உறிஞ்சல் 25 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம் என்றால், ட்ராப்பின் ஆழம் அதைத் தாண்ட வேண்டும். ஆழம் போதாவிட்டாலோ, குளிர்காலத்தில் ஏசி ஓடாமல் ட்ராப் வறண்டிருந்தாலோ, பாசி அடைத்தாலோ ட்ரே நிரம்பி வழியும். வழிந்த தண்ணீர் டக்ட் துளை வழியே நேராகக் கடைக்குள் இறங்கும்.

சர்வீஸுக்கு வருபவர் காற்றாடியை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறக்கிறார். உறிஞ்சல் நின்றதும் தேங்கிய தண்ணீர் தானாக வடிந்துவிடுகிறது. ட்ரெயின் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒழுகல் தீராமல் தொடர இதுவும் ஒரு காரணம்.

மழைநீர் புகும் வழிகள் வேறு. பெட்டி உட்காரும் சட்டத்தைச் சுற்றிய பூச்சு அதிர்விலும் வெயிலிலும் விரிசல் விடும். வயர்கள் நுழையும் துளைகளின் சீலன்ட் காய்ந்து உதிரும். கழற்றிய ஸ்க்ரூ கீழே கிடந்து, மிதிபட்டுத் தளத்தின் மேலுறையைக் கிழிப்பதும் உண்டு.

எனவே வாட்டர் ப்ரூஃபிங்குக்குப் பணம் கொடுக்கும் முன் எப்போது சொட்டுகிறது என்று குறித்து வையுங்கள். மழையில் மட்டும் என்றால் சட்டத்தையும் துளைகளையும் பாருங்கள். ஏசி ஓடும் புழுக்க நாளில் என்றால், ட்ரேயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, பெட்டியை மூடி, காற்றாடியை ஓடவிட்டு ட்ரெயின் பைப்பின் வெளிமுனையைக் கவனிக்கச் சொல்லுங்கள். கோடை தொடங்குமுன் ட்ராப்பில் தண்ணீர் நிரப்பவும் மறக்க வேண்டாம்.