இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் (அத்தியாயம் 6)

மரத்தில் மோதி நிற்கிறது ஒரு கறுப்பு மான்ட்டி கார்லோ கார். வலப்பக்கக் கதவைத் திறக்க வழியில்லை; ஒட்டினாற்போல் இன்னொரு கார் நிற்கிறது. அதனால் உள்ளேயிருந்தவன் ஜன்னல் வழியாக உடம்பை வெளியே இழுத்துக்கொண்டு வருகிறான். அந்த நொடியில் ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு அவனுடைய வலது மேற்கையில் பாய்கிறது. கைத்தசையைத் துளைத்து வெளியேறி, விலாப்பக்கமாக மார்புக்குள் நுழைந்து, வலது நுரையீரலைக் கிழிக்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. இதயத்துக்கு இன்னும் ஓர் அங்குலம் இருந்தது.

அது பிழைக்க முடியாத காயம் என்றுதான் பிறகு உடலை ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். ஆனால் அவன் உடனே விழவில்லை. அடுத்த சில நிமிடங்களில் இரண்டு பேரைக் கொன்றான். அந்த இருவரில் ஒருவர், அந்தக் குண்டைச் சுட்டவரே.

1986 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணி வாக்கில். இடம் அமெரிக்காவின் மயாமி நகரை ஒட்டிய ஒரு குடியிருப்புத் தெரு. ஜன்னல் வழியாக வந்தவன் மைக்கேல் பிளாட். கூட இருந்தவன் வில்லியம் மேட்டிக்ஸ். இருவரும் முன்னாள் ராணுவத்தினர். மாதக்கணக்கில் வங்கிகளையும் பணம் கொண்டுசெல்லும் கவச வண்டிகளையும் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். காருக்காகவே ஆட்களைச் சுட்டார்கள். அந்தக் கறுப்புக் காருக்குச் சொந்தக்காரரையும் சுட்டுப்போட்டு, செத்துவிட்டார் என்று நினைத்துப் போனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அவர் சொன்ன அடையாளத்தை வைத்துத்தான் எஃப்.பி.ஐ. அந்தக் காரைத் தேடியது.

தேடிய குழுவில் எட்டு பேர் அந்தத் தெருவில் சண்டைக்குள் சிக்கினார்கள். எட்டுக்கு இரண்டு. கணக்குப்படி ஜெயிக்க வேண்டிய சண்டை. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஏறத்தாழ 145 குண்டுகள் பறந்திருந்தன. 53 வயது பென் குரோகன், 30 வயது ஜெரி டவ் இருவரும் இறந்துகிடந்தார்கள். ஐந்து பேருக்குக் காயம். காயமின்றித் தப்பியவர் ஒரே ஒருவர்.

சென்ற வாரம் நியூஹால் கதையைச் சொன்னேன். 1970-இல் கலிஃபோர்னியாவில் நான்கு இளம் நெடுஞ்சாலைக் காவலர்கள் சில நிமிடங்களில் இறந்தார்கள். அவர்களில் ஒருவர், காலியான ரிவால்வரில் தோட்டாக்களைத் திரும்ப நிரப்பும்போது சுடப்பட்டார். ஆறு தோட்டாக்களையும் ஒரே அழுத்தில் நிரப்பும் ஸ்பீட்லோடர் அதன் பிறகுதான் அந்தக் காவலர்களின் இடுப்புக்கு வந்தது. பதினாறு வருடம் கழித்து மயாமியில், குழுத் தலைவர் கார்டன் மெக்நீல் ரிவால்வரின் ஆறு குண்டுகளையும் சுட்டுத் தீர்த்துவிட்டுத் திரும்ப நிரப்பப் பார்க்கிறார். முடியவில்லை. அவருடைய கையில் குண்டு பாய்ந்திருந்தது. சிதறிய சதையும் எலும்புத் துணுக்கும் துப்பாக்கியின் உருளையை அடைத்துக்கொண்டிருந்தன. எந்த ஸ்பீட்லோடராலும் அங்கே உதவ முடியாது.

எட்டு பேரில் மூவரிடம் 9 மி.மீ. பிஸ்டல். மற்றவர்களிடம் ரிவால்வர். கார்கள் மோதுவதற்குச் சற்று முன்பு, கைக்கு எட்டினாற்போல் இருக்கட்டும் என்று உறையிலிருந்து எடுத்து வைத்த இரண்டு ரிவால்வர்கள் மோதிய வேகத்தில் எங்கோ போய் விழுந்தன. சிலர் அணிந்திருந்த மெல்லிய கவச உடை கைத்துப்பாக்கிக் குண்டைத்தான் தாங்கும். பிளாட்டின் கையில் இருந்ததோ ரூகர் மினி-14 ரைஃபிள். அன்றைய காயங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு துப்பாக்கியால் வந்தவை. டவ் வைத்திருந்த பிஸ்டலே ஒரு குண்டு பட்டுச் செயலற்றுப் போனது.

சண்டையை முடித்தவர் எட்மண்டோ மிரலெஸ். தெருவைக் கடக்கும்போதே அவருடைய இடது முன்கை எலும்பு ரைஃபிள் குண்டில் நொறுங்கிவிட்டது. கையிலிருந்தது பம்ப் ஷாட்கன். அதை ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். இரண்டு கை வேண்டிய வேலை. அவர் துப்பாக்கியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, ஒற்றைக் கையால் இழுத்துத் தள்ளி, ஒரு காரின் பம்பர்மேல் குழாயைத் தாங்கவைத்துச் சுட்டார். மறுபடி இடுக்கினார், மறுபடி சுட்டார். ஐந்து முறை. கொள்ளையர் இருவரும் எஃப்.பி.ஐ. காரிலேயே ஏறித் தப்பப் பார்க்கும்போது, ரிவால்வரை எடுத்துக்கொண்டு தள்ளாடி நடந்துபோய் ஆறு குண்டுகளையும் சுட்டார். அத்தோடு முடிந்தது. பிளாட்டின் உடம்பில் 12 காயங்கள், மேட்டிக்ஸின் உடம்பில் 6. இருவர் ரத்தத்திலும் போதைப்பொருள் எதுவும் இல்லை.

யார்மேல் பழி? எஃப்.பி.ஐ. அந்த 9 மி.மீ. குண்டின்மேல் கைகாட்டியது. இதயத்தைத் தொட்டிருந்தால் இரண்டு உயிர்கள் பிழைத்திருக்குமே என்ற ஆற்றாமை எவருக்கும் புரியக்கூடியது. ஆனாலும் குண்டைக் கூண்டில் ஏற்றியதில் ஓர் அநியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். உடம்புக்குள் போனதும் காளான்போல் விரிந்து, அங்கேயே நின்றுவிட வேண்டும், மறுபக்கம் வந்து தெருவில் போகிறவர்மேல் படக்கூடாது என்றுதான் அந்தக் குண்டைச் செய்தார்கள். அது சொன்னபடிதான் நடந்தது. கொள்ளையர்கள் நீண்ட துப்பாக்கிகளோடு வருகிறவர்கள் என்று தெரிந்தும், அவர்களை எதிர்கொள்ளப் பெரும்பாலும் கைத்துப்பாக்கிகளோடு போனதற்குக் குண்டு என்ன செய்யும்?

ஆனால் அந்தத் தப்பான வழக்கிலிருந்து ஒரு நல்ல அறிவியல் பிறந்தது. 1987 செப்டம்பரில் எஃப்.பி.ஐ.யின் குவான்டிகோ பயிற்சி மையத்தில் மருத்துவர்களையும் குண்டுக்காய ஆய்வாளர்களையும் உட்காரவைத்துக் கேட்டார்கள்: ஒரு மனிதனைக் கைத்துப்பாக்கி எப்படி நிறுத்துகிறது? 1989-இல் எஃப்.பி.ஐ. அதிகாரி யூரி பேட்ரிக் எழுதிய அறிக்கையில் பதில் இருக்கிறது. சினிமாவில்போல் குண்டு யாரையும் தூக்கி எறிவதில்லை. மூளையிலோ மேல் தண்டுவடத்திலோ பட்டால்தான் ஆள் அந்த நொடியே விழுவான். மற்றபடி ரத்தம் வடிந்து தீர வேண்டும். இதயமே சிதைந்தாலும், மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் 10 முதல் 15 விநாடிகளுக்கு ஆளைச் சுயநினைவோடு இயங்கவைக்கும். துப்பாக்கி ஏந்தியவனுக்கு அது நீண்ட நேரம்.

ஆகவே குண்டு ஆழமாகப் போக வேண்டும். எவ்வளவு ஆழம் என்று அளக்க, விலங்குத் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினை நூற்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்து, குளிர்பெட்டியில் உறையவைத்த கட்டிகளைப் பயன்படுத்தினார்கள். முன்னால் கனத்த துணி, இரும்புத் தகடு, ஒட்டுப்பலகை, காரின் முன்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வைத்துச் சுட்டார்கள். குறைந்தது 12 அங்குலம், அதிகம் போனால் 18. அந்தப் பன்னிரண்டு அங்குலத்துக்குள் பிளாட்டின் வலது கை இருக்கிறது. குண்டு கையைத் தாண்டிப் போன பிறகும் இதயத்தை எட்ட வேண்டும். இன்றுவரை குண்டு செய்யும் கம்பெனிகள் இந்த அளவுகோலைச் சொல்லி விளம்பரம் செய்கின்றன.

துப்பாக்கி விஷயத்தில் அவர்கள் சுற்றிய சுற்றுதான் பெரிது. முதலில் 10 மி.மீ. பிஸ்டல். அதன் உதையைத் தாங்கிக் குறி பார்ப்பது பலருக்குச் சிரமமாயிற்று. தோட்டாவில் மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளமான தோட்டா எதற்கு என்று யோசித்து, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் 1990 ஜனவரியில் .40 அளவுத் தோட்டாவைக் கொண்டுவந்தன. 9 மி.மீ. பிஸ்டல் அளவுச் சட்டத்துக்குள்ளேயே அது அடங்கியது. க்ளாக் நிறுவனமும் விரைந்து களத்தில் இறங்கியது. ஏராளமான அமெரிக்கக் காவல் துறைகள் .40-க்கு மாறின. 1997-இல் எஃப்.பி.ஐ.யும் .40 க்ளாக்கை எடுத்துக்கொண்டது.

பிறகு 2014-இல் அதே எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு தன் கணக்கைத் திருப்பிப் பார்த்தது. நிஜச் சண்டையில் காவலர்கள் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 விழுக்காடு குறி தவறுகிறது. உதை குறைந்த துப்பாக்கியில் குறி கூடுகிறது. சுடும் வேகமும் கூடுகிறது. அதற்குள் குண்டு செய்யும் நுட்பம் வளர்ந்து, நல்ல 9 மி.மீ. குண்டும் ஜெலட்டினில் அந்தப் பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டத் தொடங்கியிருந்தது. 2016-இல் க்ளாக் 9 மி.மீ. பிஸ்டலுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முப்பது வருடத்துக்கு முன் குற்றவாளியாக்கப்பட்ட அதே அளவு. அதற்கு ஒரு வருடம் முன்பு மயாமி எஃப்.பி.ஐ.யின் புதிய அலுவலகக் கட்டடத்துக்கு குரோகன், டவ் இருவர் பெயரையும் சூட்டியிருந்தார்கள்.

இந்த முப்பது வருடமும் பேச்சு பெரும்பாலும் கைத்துப்பாக்கிக் குண்டைச் சுற்றியே போனது. ரைஃபிளை என்ன செய்வது என்ற கேள்வி முதல் பத்து வருடத்தில் பெரும்பாலான காவல் வண்டிகள் வரை வந்து சேரவில்லை. 1997 பிப்ரவரி 28 காலை, லாஸ் ஏஞ்சலிஸின் வடக்கு ஹாலிவுட்டில் ஒரு வங்கியிலிருந்து கவசம் அணிந்த இருவர் ரைஃபிள்களோடு வெளியே வந்தார்கள். வாசலில் நின்ற காவலர்களிடம் பிஸ்டலும் ஷாட்கன்னும்தான். 44 நிமிடம் நீண்ட அந்தச் சண்டையின் நடுவில் காவலர்கள் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைஃபிள் கேட்டதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)