நம் சொல்லை நாமே அச்சிடலாம்



கோயில் திருவிழா வந்தால் தோட்டத்துச் சுவரில் அறிவிப்புத் தாள் ஒட்டுகிறார்கள். சங்கக் கூட்டத்திற்கும் அப்படித்தான். நாம் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அச்சடிப்பது பட்டணத்தார் வேலை என்பது நம் எண்ணம். அது சரிதானா?

எழுத்தைக் கோத்து அச்சிடும் முறையை முதலில் பார்ப்போம். சிறிய எழுத்துகளை ஈயக் கலவையில் வார்ப்பார்கள். சுவரொட்டிக்கு வேண்டிய பெரிய எழுத்துகளை மரத்தில் செதுக்குவார்கள்; மரம் எடை குறைவு. எழுத்து மேடாக நிற்கும். இடம் வலமாக மாறியிருக்கும். வரிசையாகக் கோத்து, சட்டத்தில் இறுக்கி, மை உருளையை உருட்டி, தாளை வைத்து அழுத்தினால் நேராகப் பதியும். ஒருமுறை கோத்தால் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். பிறகு எழுத்துகளைப் பிரித்து அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஏமஸ் கென்னடி என்ற கறுப்பினத்தவர் கணினித் துறையில் உத்தியோகம் பார்த்து வந்தார். ஏறக்குறைய 40 வயதில், வில்லியம்ஸ்பர்க் நகரில் பழங்கால அச்சுக்கூடம் ஒன்று இயங்குவதைக் கண்டார். மனம் அதிலேயே நின்றுவிட்டது. பின்னர் உத்தியோகத்தை விட்டார். பல்கலைக்கழகத்தில் அக்கலையைப் பயின்றார். மலிவான அட்டையில், வண்ணத்தின்மேல் வண்ணம் ஏற்றிச் சுவரொட்டிகள் அச்சிட்டார். 1955ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தில், பேருந்து இருக்கையை வெள்ளையருக்கு விட்டுத்தர மறுத்தவர் ரோசா பார்க்ஸ். அவர் ஒரு தையல் தொழிலாளி. அவருடைய சொற்களையும் கென்னடி சுவரொட்டிகளாக்கினார். வடிவமைப்பவர், அச்சிடுபவர், வெளியிடுபவர் எல்லாம் அவரே. எந்தப் பதிப்பாளரின் சம்மதத்திற்கும் அவர் காத்திருக்கவில்லை.

நம்மிடம் அச்சுப்பொறி இல்லையே என்பீர்கள். பழைய ரப்பர்ச் செருப்பு போதும். அதன் வழவழப்பான பகுதியில் எழுத்தை இடம் வலமாக மாற்றி வரையுங்கள். சுற்றிலும் உள்ள ரப்பரைப் பெரியவர்கள் கத்தியால் செதுக்கி எடுக்கட்டும். மை தடவித் தாளில் அழுத்துங்கள். ‘ப’ எப்படி வெட்டினாலும் ஏறக்குறைய சரியாக விழும்; ‘ட’ ஏமாற்றிவிடும்!

எங்கள் பள்ளியில் மாலை வகுப்புக்கு வருவோர் குறைந்தபோது, பிள்ளைகளே இவ்வாறு அறிவிப்பு அச்சிட்டு ஒட்டினார்கள். சில எழுத்துகள் கோணல். ஆனாலும் பால்மரம் வெட்டித் திரும்பிய தாய்மார்கள் நின்று பார்த்தார்கள். “இது என் மகன் வெட்டிய எழுத்து” என்றார் ஒருவர். மறுநாள் அவரே மகனைக் கூட்டிவந்தார்.

பிறர் அச்சிட்டதைப் படிக்கக் கற்றோம். நம் சொல்லை நாமே அச்சிடவும் கற்போம்.