மனநலப் பணியாளரும் இணைய அந்தரங்கமும்

மனநல மருத்துவரிடம் வரும் நோயாளி, தம் வாழ்வில் வேறெவரிடமும் சொல்லாத செய்திகளை மனம்விட்டுக் கூறுகிறார். மருத்துவரோ தம் குடும்பம், சமயம், அரசியல் கருத்து ஆகியவற்றைப் பற்றி அவரிடம் பேசுவதில்லை. இது செருக்கின்பாற்பட்டதன்று, சிகிச்சை முறையின் ஓர் அங்கமேயாகும். உரையாடல் முழுவதும் நோயாளியின் நலனையே மையமாகக் கொள்ளவேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆனால், அதே நோயாளி வெளியே வந்து கைப்பேசியில் மருத்துவரின் பெயரைத் தேடினால், அவருடைய வீடு, பிள்ளைகளின் பள்ளி, சென்ற வாரம் சென்றுவந்த திருமணம் யாவும் நொடிப்பொழுதில் திரையில் தோன்றக்கூடும்.

இதனைத் தனிமனிதரின் சொந்தப் பிரச்சினை என ஒதுக்கிவிட இயலாது. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வின்படி, ஆய்வு நடைபெற்ற மாநிலங்களில் லட்சம் மக்களுக்குக் கேரளத்தில் 1.2 மனநல மருத்துவர்களும், மத்தியப் பிரதேசத்தில் 0.05 மருத்துவர்களுமே இருந்தனர். இத்தகைய பற்றாக்குறையில், நள்ளிரவு அழைப்புகளாலும் பின்தொடர்தலாலும் மனம் சலித்து ஒருவர் சிற்றூரைவிட்டு நீங்கினால், அந்த வட்டாரமே சிகிச்சையின்றி நிற்க நேரிடும். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள் என்பதையும் இங்கு வலியுறுத்த வேண்டும். அந்தரங்கத்தைக் காப்பது அவர்கள்பால் கொண்ட ஐயத்தினால் அன்று. இரு தரப்பினரின் நன்மைக்காகவே.

சட்டம் கூறுவது

தனியுரிமை, அரசியலமைப்பின் 21ஆவது விதியில் அடங்கிய அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, நோயாளியின் செய்திகளை இரகசியமாகக் காக்கும் கடமையைப் பணியாளர்மீது சுமத்துகிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைப்படுத்த வகைசெய்யப்பட்டது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வெளியிட்ட செய்திகளுக்கு இச்சட்டத்தின் காப்பு கிடையாது. ஆகவே, முதற்காவல் நம் கையிலேயே உள்ளது.

செய்தி கசியும் வழிகள்

முதலாவது, கைப்பேசியின் முகவரிப் பட்டியல். பல செயலிகள் நம் இசைவைப் பெற்று இப்பட்டியலைத் தம்மிடம் எடுத்துக்கொள்கின்றன. சொந்தக் கைப்பேசியில் நோயாளிகளின் எண்களைச் சேமித்து வைத்திருந்தால், 'நீங்கள் அறிந்திருக்கக்கூடியவர்' என மருத்துவரின் குடும்பப் பக்கம் நோயாளிக்கும், நோயாளியின் பக்கம் மருத்துவருக்கும் காட்டப்படக்கூடும். ஒரே மருத்துவரிடம் வரும் இரு நோயாளிகள் ஒருவருக்கொருவர் அறிமுகமாகிவிடும் இடரும் உண்டு. இவ்வாறு பணியாளரின் அந்தரங்கமும் நோயாளியின் இரகசியமும் ஒரே துளையின் வழியே வெளியேறுகின்றன.

இரண்டாவது, உற்றாரின் பதிவுகள். தாம் எச்சரிக்கையாக இருப்பினும், உறவினர் வெளியிடும் படத்தில் வீட்டுக் கதவெண்ணோ, குழந்தையின் பள்ளிச் சீருடையோ இடம்பெறலாம்.

மூன்றாவது, குறைகூறும் மதிப்புரைகள். இதற்குப் பதிலளிக்க முற்படும் மருத்துவர், எழுதியவர் தம்மிடம் சிகிச்சை பெற்றவர் என்பதையே உறுதிசெய்து விடுகிறார். பொதுவெளியில் வாதிடாதிருத்தலே நன்று.

செய்ய வேண்டியவை

முழுவதும் மறைந்திருத்தல் இயலாது, முறையுமன்று. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், மருத்துவர் தம் பதிவு எண்ணை மருந்துச்சீட்டிலும் மின்வழித் தொடர்புகளிலும் காட்டவேண்டும் என விதிக்கின்றன. பெயர், தகுதி, பதிவு எண், பணியிடம், பார்வை நேரம் ஆகியவை மக்கள் அறிய வேண்டியவை. வீடு, குடும்பம், சொந்தக் கைப்பேசி எண் ஆகியவை தமக்கே உரியவை. இவ்விரண்டிற்குமிடையே தெளிவான வரம்பு வகுத்துக்கொள்வதே அடிப்படை விதியாகும்.

இதற்கெனப் பணிக்குத் தனி எண்ணும் தனி மின்னஞ்சலும் வைத்துக்கொள்ளலாம். சொந்தக் கணக்குகளை நெருங்கியோர் மட்டும் காணுமாறு அமைத்து, இருபடிச் சரிபார்ப்பை இணைக்கலாம். ஆண்டுக்குச் சில முறையேனும் தம் பெயரைத் தாமே தேடிப் பார்ப்பது பயனளிக்கும். நோயாளியின் நட்பழைப்பை ஏற்பதில்லை என்பதையும், எந்நேரத்தில் எவ்வழியில் தொடர்புகொள்ளலாம் என்பதையும் முதற் சந்திப்பிலேயே கனிவுடன் விளக்கிவிட்டால், பின்னர் மனத்தாங்கல் நேராது. எல்லை மீறிய பின்தொடர்தல் ஏற்பட்டால், செய்திகளை அழிக்காமல் சான்றாக வைத்து மேலதிகாரிக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். பெண்ணொருவரின் இணையப் பயன்பாட்டை ஆண் கண்காணித்துப் பின்தொடர்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவின்கீழ்க் குற்றமாகும்.

நிர்வாகத்தின் பொறுப்பு

தனிமனிதர் முயற்சி மட்டும் போதாது. அறிவிப்புப் பலகையிலும் துண்டறிக்கையிலும் ஆலோசகரின் சொந்தக் கைப்பேசி எண்ணை அச்சிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவை இதற்கு நல்ல முன்மாதிரி. 14416 என்னும் பொது எண்ணை அழைப்பவருக்கு இரவு பகல் எந்நேரமும் உதவி கிடைக்கிறது. ஆலோசகரின் சொந்த எண் எவருக்கும் தேவைப்படுவதில்லை. மாவட்ட அளவிலும் அலுவலக எண்ணும் கைப்பேசியும் வழங்குதல் பெருஞ்செலவுடைய செயலன்று.

பிறர் துயரைச் சுமப்பவர்க்குத் தம் வீட்டு வாசலையேனும் மூடிக்கொள்ளும் உரிமை வேண்டும். அவ்வுரிமை காக்கப்படுமிடத்தில்தான், நாளையும் ஒரு நோயாளிக்கு அவருடைய மருத்துவமனைக் கதவு திறந்திருக்கும்.