இருட்டில் கப்பல், வெளிச்சத்தில் ஊர்

டிசம்பர் கடைசியில் ஹெல்சிங்கியில் சூரியன் எட்டிப் பார்க்கவே காலை ஒன்பதரை மணி ஆகிவிடும். மூன்றேகாலுக்கெல்லாம் மறைந்தும் போகும். எதிர்க்கரையில் உள்ள தாலினிலும் இதே கதைதான். ஒன்று பின்லாந்தின் தலைநகர், மற்றது எஸ்தோனியாவின் தலைநகர். நடுவே சுமார் 80 கிலோமீட்டர் கடல். சனி, ஞாயிறோடு வெள்ளியும் விடுமுறையாக அமைந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். குளிருக்கு நல்ல கோட்டு போதும். திட்டம் போட வேண்டியது அந்த ஆறு மணி நேர வெளிச்சத்துக்காக.

கப்பல் பயணம் இரண்டு மணி நேரம், சிலவற்றில் கொஞ்சம் கூடுதல். தாலிங்க், வைக்கிங் லைன், எக்கரோ லைன் ஆகிய மூன்று நிறுவனங்களின் பெரிய கப்பல்கள் குளிர்காலத்திலும் தினமும் ஓடுகின்றன. இரண்டு நாடுகளும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள். இரண்டிலும் யூரோதான், கடிகாரத்தையும் மாற்ற வேண்டாம். நடுப்பகல் கப்பலுக்குச் சீட்டு எடுத்தால் மட்டும் அன்றைய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு கடலிலேயே போய்விடும். வெள்ளிக்கிழமை ஹெல்சிங்கி, சனி விடியுமுன் கப்பல், இரவு தாலினில் தங்கல், ஞாயிறு இருட்டியபின் திரும்புதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கப்பலில் பின்லாந்துக்காரர்கள் பீர் அட்டைப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் ஊரில் மதுவின் விலை அப்படி.

ஹெல்சிங்கியின் பகலைச் சுவோமென்லின்னா கோட்டைக்குக் கொடுக்கலாம். 1748இல் ஸ்வீடன்காரர்கள் தீவுகளின் மேல் கட்டத் தொடங்கியது. சந்தைச் சதுக்கத்திலிருந்து படகில் கால் மணி நேரம். நகரப் பேருந்துக்கு எடுக்கும் அதே சீட்டு செல்லும். கடற்காற்று காதை அறுக்கும், குல்லா கட்டாயம். பாறையைக் குடைந்து 1969இல் திறந்த தெம்பெலியாவுக்கியோ தேவாலயத்தையும், 2018இல் திறந்த ஊதி நூலகத்தையும் நான்கு மணிக்குமேல் வைத்துக்கொண்டால் போதும். நூலகத்தில் யாரும் கட்டணமின்றி உட்கார்ந்திருக்கலாம்.

இருட்டிய பிறகு சானா என்ற நீராவிக் குளியல். மரப்பலகை அடுக்குகளில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது அகப்பையில் தண்ணீர் மொண்டு சூடான கற்களின்மேல் ஊற்றுவார். 'ஸ்ஸ்' என்ற சத்தம் அடங்குமுன் ஆவி கூரைவரை ஏறி இறங்கும். முதலில் சுடுவது காது மடல்தான். தாங்க முடியாவிட்டால் கீழ்ப்படிக்கு இறங்கிவிடுங்கள், யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். கடற்கரையில் உள்ள லோயுலு சானாவில் ஆணும் பெண்ணும் நீச்சலுடையில் சேர்ந்தே இருப்பார்கள்; வெளியே வந்து படியிறங்கி உறைபனிக் கடலில் முங்கி எழலாம். 1928 முதல் நடக்கும் கோட்டிஹார்யுவில் ஆண், பெண்ணுக்குத் தனித்தனி இடம். அங்கே உடையில்லாமல் இருப்பதே வழக்கம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தக் கடல் முழுக்கை விட்டுவிடுவதே நல்லது.

தாலினில் துறைமுகத்திலிருந்து பழைய நகருக்கு நடந்தே போகலாம். நகர மண்டபச் சதுக்கத்தின் மூலையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதன் பெயர் வருகிறது. இன்றும் அங்கே தலைவலி மாத்திரை வாங்கலாம். சதுக்கத்தில் டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை. மேட்டிலுள்ள கோகுதுவோட்சா பார்வை மேடையில் நின்று சிவப்புக் கூரைகளையும் மதில் கோபுரங்களையும் பார்ப்பதற்கு மட்டும் பகல் வேண்டும். ஏறும் வழியெல்லாம் உருளைக்கல் பாவிய தெரு. பனி உறைந்தால் கண்ணாடிபோல் வழுக்கும். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்தோனியாவில் இருட்டில் நடப்பவர்கள் ஒளி பட்டால் மின்னும் வில்லை ஒன்றை உடையில் தொங்கவிடுவது சட்டப்படி கட்டாயம்.

கிறிஸ்துமஸ் சந்தை அவசியமில்லை என்றால் என் ஓட்டு பிப்ரவரி நடுப்பகுதிக்கு. பகல் ஒன்பது மணி நேரம் நீண்டிருக்கும், பனியும் நன்றாகப் படிந்திருக்கும். டிசம்பரில் பல நாள் மழையும் சேறும்தான்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஒரே ஷெங்கன் விசா இரண்டு ஊருக்கும் போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம்.