மண் விழுமுன் கேட்க வேண்டியது

தே தாரேக் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். மறுபக்கம் தெரியாது. கடலில் மண் கொட்டும்போதும் இதுதான் நடக்கிறது. தண்ணீர் கலங்கினால் வெயில் அடிவரை போகாது. வெயில் படாத கடற்புல் மெல்லச் சாகும்.

ஜொகூரின் தென்மேற்கில், பூலாய் ஆறு கடலில் சேருமிடத்துக்கு அருகே மெராம்போங் கடற்புல் திட்டு இருக்கிறது. கடற்குதிரைகளுக்கு அது வீடு. பாக்கு நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவுக்கு மேய்ச்சல் நிலம். அருகிவரும் இந்த உயிர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிலோ புல் மேயும்.

அப்போது நடப்பிலிருந்த மலேசியாவின் 1987ஆம் ஆண்டு ஆணைப்படி, கடலோரத்தில் 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ தூர்த்து நிலமாக்குபவர் முதலில் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கு ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2014 தொடக்கத்தில், கடலைத் தூர்த்து நகரம் கட்டும் ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்துக்கு இங்கே மண் விழத் தொடங்கியபோது அந்த ஒப்புதல் இல்லை. சிங்கப்பூரும் கவலை தெரிவித்தது. வேலை இடையில் நின்றது. விரிவான மதிப்பீட்டுக்கு 2015 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தபோது திட்டம் 1,386 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. மதிப்பீட்டுக்குப் பலன் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. ஆனாலும் தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்த்த கதைதான். மண் விழுந்த இடத்தில் முன்பு என்ன வாழ்ந்தது என்று பிறகு எப்படி அளப்பது?

ஆகவே எந்த மதிப்பீட்டிலும் முதல் கேள்வி, மண் விழப்போகும் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பது. ஆவுளியா எளிதில் கண்ணில் படாது. ஒரு வாரம் படகில் சுற்றிவிட்டுக் "காணவில்லை" என்று எழுதினால், அது இல்லை என்று ஆகிவிடாது. நீர் வற்றும்போது புல்வெளியில் வளைந்து வளைந்து தெரியும் மேய்ந்த தடங்களைத் தேட வேண்டும். பருவம் மாறும்போது திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டும். மெராம்போங் அருகே தஞ்சோங் குப்பாங் மீனவர்கள் எதை, எப்போது, எங்கே கண்டார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

அடுத்தது, நீரோட்டம் கலங்கலை எதுவரை கொண்டுபோகும் என்ற கணக்கு. திட்ட வரைபடத்தின் எல்லைக்கோட்டில் சேறு நிற்காது. அதற்குப் பிறகுதான் தீர்வு: முதலில் இடத்தை மாற்ற முடியுமா, பிறகு அளவைக் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். "வேறிடத்தில் புல் நட்டுத் தருகிறோம்" என்பது கடைசி வழி. நட்ட புல்லெல்லாம் பிடித்துவிடாது.

விரிவான மதிப்பீட்டு அறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. அடுத்த முறை உங்கள் ஊர்த் திட்டத்தின் அறிக்கை வந்தால், உயிரினப் பகுதியைத் திறந்து, எத்தனை நாள், எந்தப் பருவத்தில், யாரிடம் கேட்டுப் பார்த்தார்கள் என்று தேடுங்கள். பதில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். மண் விழுமுன் கேளுங்கள்.